எட்டாவது சாமான்

கருவாடு வாங்க ஓரகத்தியைச் சந்தைக்கு அனுப்பியதுதான் தன் வாழ்நாளில் செய்த பெரிய முட்டாள்தனம் என்று போக்னம் தலையில் அடித்துக்கொண்டாள். அனுப்பியதும் ஒரு தடவை அல்ல, வரிசையாக நான்கு இலையுதிர் காலம். "நீ போனா விலை படியும், என் மூஞ்சியப் பாத்தா ஏத்திச் சொல்லுவான்" என்று தானே சொல்லி, தானே பையையும் கையில் கொடுத்து அனுப்பினாள். இன்சுக் போவாள். வீட்டுக் குழம்புப் பொடிக்கு வேண்டிய நெத்திலியும் குட்டி இறாலும் வாங்கிக்கொண்டு மதியப் பேருந்தில் திரும்புவாள். வருஷத்துக்கு வருஷம் நெத்திலி தரமாகவும் பையில் கனமாகவும் வந்தபோதாவது போக்னத்துக்கு உறைத்திருக்க வேண்டும். எங்கே உறைத்தது? பேரம் பேசுவதில் என் ஓரகத்தியை அடிக்க ஆள் கிடையாது என்று ஊர் முழுக்கப் பெருமையடித்துக்கொண்டு திரிந்தாள்.

அக்டோபர் கடைசியில் விஷயம் வெளியே வந்தது. சாங்ஜு மலை வட்டாரத்தில் அந்த மாதம் எந்தப் பெண்ணைப் பார்த்தாலும் கையில் கத்தி இருக்கும். பெர்சிமன் பழங்களை இறக்கி, தோல் சீவி, கயிற்றில் கட்டிக் கொட்டகை முழுக்கக் காயத் தொங்கவிட வேண்டும். போக்னமும் இன்சுக்கும் எதிரெதிரே உட்கார்ந்து சீவிக்கொண்டிருந்தார்கள். காலடியில் ஆரஞ்சு நிறத் தோல் சுருள் சுருளாகக் குவிந்திருந்தது.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். கத்தியக் கீழ வெச்சிட்டுக் கேளுங்க."

"ஏன், குத்திடுவேன்னு பயமா?"

"ஆமா."

போக்னம் கத்தியை வைக்கவில்லை. "சொல்லுடி."

"அந்தக் கருவாட்டுக்காரர் இருக்காருல்ல, சாங்கில்னு பேரு, கடலோரம் குரியோங்போவுல இருந்து வர்றவரு. கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேக்குறாரு."

"எவளை?"

"என்னையத்தான்க்கா. வேற எவளை, உங்களையா?"

போக்னம் வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்து முடிக்கும்போதுதான் இன்சுக் சிரிக்கவில்லை என்பது தெரிந்தது. கையிலிருந்த பழத்தைப் பாதித் தோலோடு அப்படியே கூடையில் போட்டாள்.

இன்சுக்குக்கு ஐம்பத்திரண்டு வயது. போக்னத்தின் கொழுந்தன் மான்சிக்கைக் கட்டிக்கொண்டு இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் இந்த வீட்டுக்கு வந்தவள். பிள்ளை இல்லை. நான்கு வருஷத்துக்கு முன் மலைச்சரிவில் உழும் வண்டி கவிழ்ந்து மான்சிக் போய்ச் சேர்ந்தான். அப்புறமும் அவள் பிறந்த வீட்டுக்குப் போகாமல் பின்கட்டுச் சின்ன வீட்டிலேயே இருந்துவிட்டாள். அடுப்பு மட்டும் ஒன்று. எள் என்றால் எண்ணெயாக நிற்பாள். மூதாதையர் படையலுக்குப் பத்துப் பாத்திரம் வேண்டுமென்றால் பன்னிரண்டு கழுவி அடுக்கி வைத்திருப்பாள்.

"எப்பப் போற?" என்று கேட்டாள் போக்னம்.

"நவம்பர் பாதியில. நீங்க வேணாம்னு சொன்னா..."

"நான் எதுக்குடி வேணாம்னு சொல்லப் போறேன்? போய் நல்லா இரு. எத்தன நாளைக்கு எங்க மூஞ்சியவே பாத்துக்கிட்டிருப்ப."

சொன்னது மனசாரத்தான். ஆனால் அன்று சாயங்காலம் சோறு இறங்கவில்லை. வீட்டுக்காரர் மான்ஹோ ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் மறுநாள் மழை வரும். ஒரே மகன் உல்சான் நகரத்தில் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான், வருஷத்துக்கு இரண்டு தடவை வந்து, வந்த சட்டையோடு கிளம்பிவிடுவான். காலையில் எழுந்தால் பேச, திட்ட, குறை சொல்ல, சேர்ந்து சிரிக்க, மொத்த உலகத்திலும் போக்னத்துக்கு இருந்தது இந்த ஒருத்திதான். இவள் போனால் சுவரோடுதான் பேச வேண்டும். அதை நினைக்க நினைக்க அவளுக்கு அழுகைகூட வரவில்லை, பயம்தான் வந்தது.

ஆனாலும் வேலை நிற்குமா? குளிர்கால முட்டைக்கோசு ஊறுகாய் போடுமுன் பொடி தயாராக வேண்டும். அந்தப் பள்ளத்தாக்கில் பதினோரு வீட்டுக்குப் போக்னம் வீட்டிலிருந்து ஒவ்வொரு வருஷமும் பொடி போகும். நாத்தனார் வீடு, சம்பந்தி வீடு, பெரியப்பா வீடு, பல் பிடுங்கும் டாக்டர் வீடு என்று மாமியார் காலத்திலேயே எழுதப்பட்ட கணக்கு. பொடி போடாத மீன் குழம்பைக் குழம்பு என்றே அந்தப் பதினோரு வீட்டில் யாரும் ஒத்துக்கொள்வதில்லை. மிளகாயைக் காயவைப்பது, காம்பு கிள்ளுவது, நெத்திலியின் தலையும் குடலும் எடுப்பது, சலிப்பது எல்லாம் இரண்டு பேரும் சேர்ந்துதான். கலக்கிற அன்று மட்டும் மூத்த மருமகள் அடுக்களைக் கதவைச் சாத்திக்கொள்வாள். எது எவ்வளவு என்பது மாமியார் வாயிலிருந்து மூத்த மருமகள் காதுக்கு மட்டும் வந்த சமாசாரம். மாமியார் கண்ணை மூடிப் பன்னிரண்டு வருஷமாகிறது. பன்னிரண்டு வருஷமும் போக்னம் கதவைச் சாத்தினாள், இன்சுக் வெளியே ஜாடிகளைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சாத்துகிற அந்த நொடி போக்னத்துக்கு எவ்வளவு பிடிக்கும் என்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

மிளகாய் அரைக்க மில்லுக்குப் போனால், மில்லுக்கார ஜோம்ரே காத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எழுபது வயது. மூக்கில் துணி கட்டியிருந்தாலும் வாய்க்கு அது ஒரு தடையே இல்லை.

"என்ன போக்னம், ஓரகத்தியை மீன்காரனுக்குத் தாரை வாத்துட்டியாமே?"

"உனக்கு யாரு சொன்னா?"

"ஊரே சொல்லுது. நாலு வருஷமா நெத்திலி நல்லா வந்தப்பவே நெனச்சேன். எந்த வியாபாரிடீ சும்மா நல்ல நெத்திலி குடுப்பான்?"

"உனக்குக் குடுக்கலைன்னு வயித்தெரிச்சல்."

"எனக்கு எதுக்கு? இருக்கிற கெழவனையே யாருகிட்டத் தள்ளிவிடலாம்னு பாக்குறேன்." இயந்திரத்தின் வாயில் மிளகாயைக் கொட்டிவிட்டு ஜோம்ரே கிட்டத்தில் வந்தாள். சத்தத்துக்கு மேல் கத்த வேண்டியிருந்தது. "சிரிப்பு இருக்கட்டும். அவ உன்கிட்டப் பொடி கேப்பா பாரு. போற எடத்துல மாமியா இருக்கா, ரெண்டு நாத்தனா இருக்கா. இந்த வயசுல ரெண்டாந்தாரமாப் போறவ வெறுங்கைய வீசிக்கிட்டுப் போவாளா? எது எவ்வளவுன்னு கேப்பா."

"கேட்டாச் சொல்ல வேண்டியதுதான்."

"சொல்லிப் பாரு. சொல்ற வரைக்கும் அக்கா அக்கா. சொல்லி முடிச்சா இந்தப் பக்கம் தலை வெச்சுக்கூடப் படுக்க மாட்டா. ஒரு வேலை பாக்கி இருந்தாத்தாண்டி மனுஷங்க திரும்பி வருவாங்க."

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? போக்னம் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். ஆனால் ஜோம்ரே சொன்ன கடைசி வார்த்தை மிளகாய் நெடியைப் போலத் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

நவம்பர் முதல் வாரம் பொடி கலக்கும் நாள். போக்னம் கதவைச் சாத்தினாள். பெரிய பித்தளைத் தாம்பாளத்தில் மிளகாய்த்தூளைக் கொட்டி, நடுவில் குழி பறித்து, ஒவ்வொன்றாகச் சேர்த்தாள். நெத்திலி, இறால், காளான், கடல்பாசி, சுக்கு, நாக்கை மரக்கவைக்கும் சான்சோக் காயின் தோல். மிளகாயோடு சேர்த்து ஏழு. எட்டாவதுதான் சூட்சுமம்: பெர்சிமன் பழத்தின் தோலைக் காயவைத்து, வெறும் சட்டியில் கருகாமல் வறுத்துப் பொடித்தது. யாருக்கும் சந்தேகம் வராது. அந்த ஊரில் பழத்தோல் எல்லார் வீட்டுக் கூரையிலும் காயும், பாதி மாட்டுக்குப் போகும். ஆனால் அது விழாவிட்டால் மிளகாய் தொண்டையில் பிடிக்கும், கருவாட்டுக் கவிச்சி மேலே ஏறி நிற்கும். அது விழுந்தால் எல்லாம் அடங்கி, கடைசியில் லேசாக ஒரு இனிப்பு, வந்ததா இல்லையா என்று நாக்கு தேடும்படியாக.

அப்போது கதவு தட்டப்பட்டது. பன்னிரண்டு வருஷத்தில் இல்லாத சத்தம். போக்னத்தின் கை தன்னால் பழத்தோல் ஜாடியை அரிசி மூட்டைக்குப் பின்னால் தள்ளியது. ஏன் தள்ளினாள் என்று அவளுக்கே அப்போது தெரியாது.

"உள்ள வரலாமாக்கா?"

"வந்துதான் நிக்குறியே."

இன்சுக் உள்ளே வந்து முழங்கால் போட்டு உட்கார்ந்தாள். தாம்பாளத்தைப் பார்க்கவில்லை, போக்னத்தின் முகத்தையே பார்த்தாள்.

"அக்கா, கேக்கக் கூடாதுன்னு தெரியும். நான் இளையவ. இன்னும் பத்து நாள்ல இந்த வீட்டுக்காரியும் இல்ல. ஆனாலும் கேக்குறேன். இந்தப் பொடியில என்னென்ன போடறீங்கன்னு எனக்குச் சொல்லுவீங்களா?"

"எதுக்கு? வருஷா வருஷம் நானே அனுப்பி வெக்கிறேன்."

"அனுப்புவீங்க. அங்க போயி என் கையால பண்ணணும்னு ஆசையா இருக்கு. இந்த வீட்டுல இருந்து வேற எதுவும் வேணாம்க்கா."

வேற எதுவும் வேண்டாம் என்றது போக்னத்துக்குச் சுருக்கென்றது. ஆமாம், வேற எதுவும் வேண்டாம், இதையும் வாங்கிக்கொண்டால் கணக்கு தீர்ந்தது என்று மனசு வேறு விதமாகப் பாடம் படித்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள். மிளகாய் பன்னிரண்டு கிண்ணம். நெத்திலி ஒன்றரை. இறால் ஒன்று. காளான் ஒன்றேகால், தண்டோடு. கடல்பாசி முக்கால், வெள்ளைப் பூச்சைத் துடைக்கக் கூடாது. சுக்கு அரை. சான்சோத் தோல் கால், விதை ஒன்றுகூட விழக் கூடாது. எல்லாம் சரியான அளவு, ஒரு பொய் கிடையாது.

"எழுதிக்கோடி, மறந்துடுவ."

"வேணாம்க்கா. ஞாபகம் இருக்கும்." இன்சுக் எழுந்துகொள்ளவில்லை. "அவ்வளவுதானாக்கா?"

"அவ்வளவுதான். ஏழு சாமான்."

"வேற ஒண்ணும் இல்லையே?"

"இல்லைங்குறேன்ல. வேற என்ன இருக்கு, தங்கத்தையா பொடிச்சுப் போடறோம்?"

இன்சுக் தலைகுனிந்து வணங்கினாள். "ரொம்ப நன்றிக்கா" என்றாள். எழுந்து போய்க் கதவைத் தானே சாத்தினாள்.

கெட்ட எண்ணம் இல்லை என்று போக்னம் தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அங்கே போய்க் கலப்பாள். வாயில் வைத்துப் பார்ப்பாள், எங்கேயோ இடிக்கும். 'அக்கா, சரியா வரலையே' என்று போன் பண்ணுவாள். 'அடடா, ஒண்ணு விட்டுப் போச்சுடி, போன்ல சொன்னாப் புரியாது, ஒரு நடை வந்துட்டுப் போ' என்று சொல்லலாம். வருவாள். வந்தால் இரண்டு நாளாவது தங்குவாள். அவ்வளவுதானே? ஒருத்தியை ஒரு தடவை திரும்பி வரவைக்க ஒரு கைப்பிடிப் பழத்தோலை மறைத்தால் அது பாவமா?

புறப்படும் நாளில் மான்ஹோ பெட்டியைச் சுமந்து பேருந்து நிறுத்தம் வரை வந்தார். "போயிட்டு வா" என்றார். அன்றைய கணக்கில் அது பெரிய பிரசங்கம். இன்சுக் மான்சிக்கின் கல்லறைக்கு விடியற்காலையிலேயே போய் வந்திருந்தாள், செருப்பெல்லாம் பனி ஈரம். பேருந்து வரும் வரைக்கும் போக்னம் குளிருக்கு எந்தச் சட்டை, எந்தக் காலுறை என்று ஏதேதோ பேசினாள். ஏறும்போது இன்சுக் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். கை முழுக்கப் பெர்சிமன் கறை. சோப்புப் போட்டாலும் குளிர்காலம் முழுக்கப் போகாத கறை.

ஊறுகாய் போடும் வாரம் வந்தது. எண்பது முட்டைக்கோசு. கூலிக்கு வந்த இரண்டு பெண்களும் வேலையை விடத் தேநீரையே அதிகம் பார்த்தார்கள். உப்பு கூடுதலா குறைவா என்று சொல்ல ஆள் இல்லை. இருபத்திரண்டு வருஷமாக இன்சுக் வாயைத் திறப்பாள், போக்னம் ஒரு இலையைச் சுருட்டித் திணிப்பாள், இன்சுக் கண்ணை மூடிக்கொண்டு தீர்ப்புச் சொல்வாள். இந்த வருஷம் போக்னம் தானே தின்று, தானே யோசித்து, உப்பை அள்ளிப் போட்டுக் கெடுத்தாள். போன் வரவில்லை.

பதினைந்து நாள் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. போக்னம் மாவுக்கையோடு ஓடிப்போய் எடுத்தாள்.

"அக்கா, எப்படி இருக்கீங்க? பெரிய மச்சான் மருந்து சாப்பிடுறாரா?"

"எல்லாம் இருக்கோம். நீ சொல்லு. என்ன விஷயம்?"

"விஷயம் ஒண்ணும் இல்ல. சும்மாதான். இங்க எல்லாரும் நல்லாப் பாத்துக்கறாங்க. மாமியார்தான் கொஞ்சம் வாய். புது மருமக மொத குளிர்காலத்துல கையால ஏதாவது பண்ணி சொந்தக்காரங்க வீட்டுக்கெல்லாம் குடுக்கணுமாம், இந்த வீட்டு வழக்கமாம். பதினெட்டு வீடுக்கா! எல்லாம் படகுக்காரங்க. ஞாயித்துக்கெழமை குடுக்கணும்."

"என்ன குடுக்கப் போற?"

"பொடிதான்."

படகுக்கார வீட்டுப் பெண்களுக்குக் கவிச்சி முதல் கரண்டியிலேயே தெரிந்துவிடும். பதினெட்டு வீடு, பதினெட்டு நாக்கு. மலைக்காட்டிலிருந்து ஒருத்தி வந்தாளாம், நாற்றப் பொடி கொண்டு வந்தாளாம் என்று சாகும் வரைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். ஐம்பத்திரண்டு வயதில் இன்னொரு வீட்டுக்குப் போனவளுக்கு இரண்டாவது வாய்ப்பு எங்கிருந்து வரும்? இதை அவள் யோசிக்கவே இல்லை. தன்னை, தன் வெறும் வீட்டை, தன் போனை மட்டும்தான் யோசித்திருக்கிறாள்.

இப்போது சொல்லிவிடலாம். நான்கு வார்த்தை. வாயைத் திறந்தாள்.

"இன்சுக்..."

"சொல்லுங்கக்கா." அந்தப் பக்கம் எல்லாச் சத்தமும் நின்றதுபோல் இருந்தது. "ஏதோ சொல்ல வந்தீங்களே?"

மறந்துவிட்டேன் என்று சொன்னால் நம்புவாளா? பன்னிரண்டு வருஷம் கதவைச் சாத்திக்கொண்டு கலந்தவள் மறப்பாளா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற மாதிரிதான்.

"அங்க கடல் காத்து. காதுல துணியக் கட்டிக்கோ."

"சரிக்கா" என்றாள் இன்சுக். சற்றுப் பொறுத்து மறுபடி, "சரிக்கா."

இரண்டு நாள் போக்னம் தூங்கவில்லை. வியாழக்கிழமை காலையில் வறுத்த பழத்தோல் பொடியை ஒரு காகிதத்தில் கட்டி, கோட்டை மாட்டிக்கொண்டு தபால் நிலையத்துக்கு நடந்தாள். எவ்வளவு அவசரமாக அனுப்பினாலும் திங்கட்கிழமைக்கு முன் போய்ச் சேராது, மலைப்பாதையில் பனி கொட்டிக் கிடக்கிறது என்றான் அங்கிருந்தவன். பொட்டலத்தைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தாள். வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் போன் பண்ணினாள். அவமானமோ கிவமானமோ, சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். இன்சுக்கின் எண்ணில் வேறு யாரோ எடுத்தார்கள். கனத்த, கடலோரத்துக் குரல். மாமியார்.

"சாங்ஜு அக்காவா? மருமக உள்ள இருக்கா, பொடி கலக்குறா. கதவச் சாத்திக்கிட்டா. என் அடுக்களையிலயே என்னைய உள்ள விடமாட்டேங்குறா, பாத்தீங்களா கூத்த! கூப்புடவா?"

போக்னம் கண்ணை மூடிக்கொண்டாள். இப்போதாவது கூப்பிடச் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தக் கிழவி பக்கத்திலேயே நிற்பாள், காதைத் தீட்டிக்கொண்டு கேட்பாள். உன் அக்கா உன்னை ஏமாற்றினாளா என்று அங்கேயே தொடங்கும்.

"வேணாம். சும்மாதான் பண்ணேன்" என்றாள்.

ஞாயிறு போயிற்று. திங்கள் போயிற்று. போக்னம் கொட்டகையில் காய்ந்த பழங்களைத் தடவிக் கொடுத்துக்கொண்டே குரியோங்போவின் பதினெட்டு வீடுகளையும் ஒவ்வொன்றாக மனசில் பார்த்தாள். எல்லா வீட்டிலும் யாரோ ஒருத்தி கரண்டியைக் கீழே வைத்தாள். தானே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய்ப் பிறத்தியார் முற்றத்தில் அம்மணமாக நிறுத்திவிட்டு வந்த மாதிரி இருந்தது. வீட்டுக்காரர் சாப்பிடக் கூப்பிட்டார். பசிக்கவில்லை என்றாள். "இளையவ ஞாபகமா?" என்று கேட்டார் மான்ஹோ. அவர் கேட்டதே அதிசயம்.

புதன்கிழமை பார்சல் வந்தது. குரியோங்போவிலிருந்து. உள்ளே ஒரு கட்டுக் கருவாடு, வீட்டுக்காரருக்குக் கம்பளிக் காலுறை, துணியால் வாய் கட்டிய ஒரு கண்ணாடி ஜாடி. துணியின் மேல் பேனாவால் 'அக்கா வீட்டுக்கு' என்று எழுதியிருந்தது. பதினெட்டு வீட்டோடு இது பத்தொன்பதாவது வீடு.

போக்னம் ஜாடியைத் திறந்தாள். விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தாள். மிளகாய் வந்தது. சான்சோ வந்து நாக்கை மரக்கவைத்தது. நெத்திலி வந்தது, வந்து அடங்கியது. அவள் காத்திருந்தாள். கடைசியில், மெதுவாக, அந்த இனிப்பு வந்தது.

மறுபடி தொட்டு வைத்தாள். மறுபடியும் வந்தது. கருகாமல், பதமாக வறுத்தது. தான் வறுப்பதைவிட ஒரு பிடி நேர்த்தியாக.

போனை எடுத்தாள்.

"பொடி வந்துச்சுடி."

"வந்துடுச்சாக்கா? நல்லா இருக்கா? சுக்கு கொஞ்சம் தூக்கலோன்னு எனக்கு ஒரு சந்தேகம்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

இன்சுக் எதைப் பற்றி என்று கேட்கவில்லை.

"நம்ம அத்தை சொன்னாங்கக்கா. படுத்த படுக்கையா இருந்தப்ப. நான்தானே கூட இருந்து தொடச்சுவிட்டுக்கிட்டு, கஞ்சி குடுத்துக்கிட்டு இருந்தேன். கடைசி மாசம் ஒரு நாள் கூப்பிட்டு எட்டையும் சொன்னாங்க."

"பன்னெண்டு வருஷமாவா தெரியும்?"

"ஆமாக்கா."

"பன்னெண்டு வருஷம் வெளிய உக்காந்து ஜாடி தொடச்சியே. ஒரு வார்த்த சொல்லலையேடி."

"அத்தை சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க. 'மூத்தவளுக்குத் தெரியவேணாம், அவளுக்குன்னு இருக்கிறது இது ஒண்ணுதான்'னு சொன்னாங்க."

கதவைச் சாத்திய பன்னிரண்டு வருஷத்து நொடிகளும் ஒவ்வொன்றாகப் போக்னத்தின் கண்முன் வந்து நின்றன. கதவுக்கு வெளியே இருந்தவள் எல்லாம் தெரிந்துகொண்டு, ஒன்றும் தெரியாதவளாக, அவளுக்காக உட்கார்ந்திருக்கிறாள்.

"அப்புறம் எதுக்குடி என்கிட்டக் கேட்ட? தெரிஞ்சு வெச்சுக்கிட்டு எதுக்குக் கேட்ட?"

"நீங்க குடுத்ததா எடுத்துட்டு வரணும்னு இருந்துச்சுக்கா. திருட்டுத்தனமாத் தெரிஞ்சத வெச்சுக்கிட்டு அந்த வீட்ட விட்டுப் போக மனசில்ல." இன்சுக் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் போக்னம் பதிலுக்குக் கத்தியிருப்பாள், இரண்டு பேரும் கத்தி அழுது தீர்த்திருப்பார்கள். "நீங்க ஏழுதான்னு சொன்னதும் சரி, போகட்டும்னு நெனச்சேன். எட்டாவதச் சொல்லுவீங்களான்னு பேருந்து வர்ற வரைக்கும் பாத்தேன். போன்லயும் பாத்தேன்."

"இன்சுக், நான் வந்து..."

"விடுங்கக்கா. இங்க எல்லாருக்கும் ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. யாருகிட்டக் கத்துக்கிட்டன்னு மாமியார் கேட்டாங்க. எங்க அக்கா சொல்லிக் குடுத்தாங்கன்னு சொல்லிட்டேன்."

அந்தப் பக்கம் யாரோ அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். இன்சுக் போன் வாயைக் கையால் பொத்திக்கொண்டு என்னமோ பதில் சொன்னாள், சிரிக்கவும் செய்தாள். போக்னம் கேட்டுக்கொண்டிருந்தாள். மன்னித்துவிடு என்கிற வார்த்தை நாக்கு நுனி வரை வந்து, கேட்கிற தகுதி கூடத் தனக்கு இல்லை என்று அங்கேயே நின்றது.

"மீன் இறங்கியிருக்காம், போகணும். வெச்சிடவாக்கா?"

"இன்சுக், அடுத்த வருஷம் பழம் சீவ வருவியா? நான் கதவச் சாத்தமாட்டேன். ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து கலக்கலாம்."

"பாக்கலாம்க்கா" என்றாள் இன்சுக்.

பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று யாரும் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. போக்னமும் தன் வாழ்நாளில் எத்தனையோ பேரிடம் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறாள், ஒருத்தர் வீட்டுக்கும் போனதில்லை.